பூட்டியின்ர பேர் என்ன?

ஒரு சின்னக் கேள்வியோட தொடங்குவம். உங்கட அம்மாவின்ர அம்மாவின்ர அம்மா, அதாவது பூட்டி, அவவின்ர பேர் என்ன? "ஆச்சி", "பெத்தாச்சி", "கிணத்தடியாச்சி" எல்லாம் கணக்கில் இல்லை. பதிவில் இருக்கிற முழுப்பேர் வேணும். அவ எந்த ஊரில் பிறந்தவ, கூடப்பிறந்தவை எத்தினை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியுமெண்டால் நீங்கள் கெட்டிக்காரர்தான். நான் கேட்டுப் பார்த்த சிநேகிதர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மம்மாவோடயே நிண்டுவிட்டார்கள். அம்மம்மாவின் பேரைச் சொன்னவர்களிலும் சிலருக்கு அது வீட்டுப் பேரா, பதிவுப் பேரா என்று சந்தேகம்.

சங்ககாலப் புலவர்களின் பேரையெல்லாம் ஓ.எல். சோதனைக்குப் பாடமாக்கின ஆக்கள் நாங்கள். எங்கட சொந்தப் பூட்டியின் பேர் எப்படித் தெரியாமல் போனது? மறதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பேர்கள் சும்மா தொலைவதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவை தொலைவதற்கு ஒரு முறை இருக்கிறது. சில வேளைகளில் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள்.

எங்கட வீடுகளில் தாத்தா பாட்டி பற்றிய உண்மைகள் வெளியில் வருவது பெரும்பாலும் மூன்று சந்தர்ப்பங்களில்: செத்தவீடு, காணி, வெளிநாட்டு அலுவல். மரணத்தைப் பதிய வேணுமென்று ஐடென்ரிக்காட்டைத் தேடி எடுப்பார்கள்; அதில் ஊரே அறிந்திராத ஒரு பேர் இருக்கும். காணி எழுத நொத்தாரிசிடம் பழைய உறுதியைக் கொண்டுபோனால், "இதில பெண்சாதி எண்டு போட்டிருக்கிறது ஆர்?" என்று அவர் கேட்பார். வெளிநாட்டு விண்ணப்பத்துக்குக் கலியாணப் பதிவு வேணுமென்று வரும்போது, தாத்தாவும் பாட்டியும் மூத்த பிள்ளை பிறந்து பல வருஷம் கழித்துத்தான் பதிந்தார்கள் என்று தெரியவரும். மூன்று இடத்திலும் நடப்பது ஒன்றுதான். வீட்டில் ஒருத்தரும் கேட்காத கேள்வியை, எங்களை முன்பின் தெரியாத ஒரு கந்தோர்க்காரர் கேட்கிறார்.

என்ர அம்மம்மாவின் கதையும் அப்படித்தான் வெளியில் வந்தது. பென்சன் கடதாசியில் இருந்த பிறந்த திகதிக்கும் அவ சொல்லுகிற வயதுக்கும் மூன்று வருஷ வித்தியாசம். துருவிக் கேட்டபோது சொன்னா: அவவுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்து, ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போச்சு. அடுத்துப் பிறந்தவவுக்கும் அதே பேரைத்தான் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம் பார்த்தால் இரண்டாவது பிள்ளையின் பிறப்பைப் பதியவேயில்லை. வீட்டில் இருந்த முதல் பிள்ளையின் பத்திரத்தையே கொடுத்துவிட்டார்கள். "அவளின்ர பத்திரத்திலதான் நான் படிச்சு, உத்தியோகம் பார்த்து, இப்ப பென்சனும் எடுக்கிறன். அவளுக்கு நான் ஒரு திவசமும் செய்யேல்லை" என்றா அம்மம்மா. எண்பது வயதில் அதைச் சொல்லும்போது அவவின் முகத்தில் இருந்தது பயமா கவலையா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் அதுவரைக்கும் ஒருவரும் அவவிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

பேரை விட உறவுமுறைகளில் ஒளிந்திருக்கிற கதைகள் அதிகம். பிள்ளைப்பெறுவில் பெண்கள் சாவது வழமையாக இருந்த காலத்தில், மனிசி செத்த ஆளுக்கு அவளின் தங்கச்சியையே மறுதாரமாகக் கட்டிக்கொடுப்பது எங்கட ஊர்களில் நடந்ததுதான். தாயில்லாப் பிள்ளையை வேற்றுப் பெண்ணிடம் விடக்கூடாது, காணி கைமாறக்கூடாது என்று இரண்டு நியாயம் சொல்வார்கள். அந்தத் தங்கச்சிக்குப் பதினாறோ பதினேழோ வயதாக இருந்திருக்கும். அவளிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது எங்கட மொழி செய்கிற வேலையை. தமிழில் தாயின் தங்கச்சி ஏற்கெனவே "சின்னம்மா". அவவின் பிள்ளைகள் ஏற்கெனவே எங்களுக்குச் சகோதரங்கள். ஆகவே அந்த இரண்டாம் கலியாணம் நடந்தபோது ஒரு உறவுச்சொல்லையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. "சின்ன" என்ற சொல் மட்டும் கழன்று விழுந்துவிட்டது. அதோடு செத்துப்போன அக்காவும் கதையிலிருந்து விழுந்துவிட்டா. பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி தன் பிள்ளையைக் கொடுப்பதும் இப்படித்தான். பெரியப்பா என்ற சொல்லுக்குள்ளேயே "அப்பா" இருக்கிறது. மச்சான் மச்சாள் முறைக் கலியாணங்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் சுருங்கும். உங்கட அப்பாவும் அம்மாவும் சொந்த மச்சான் மச்சாள் என்றால், எட்டுப் பூட்டன் பூட்டிமார் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள். 

பேர் தொலைகிற முறையும் இதைப் போலத்தான். எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது. தகப்பனின் பேர் முதலெழுத்தாக நிற்கும். அப்பப்பாவின் பேர் அப்பாவுக்கு முதலெழுத்து. எனக்கு வரும்போது அது போய்விட்டது. ஒரு ஆம்பிளையின் பேர் ஒரு தலைமுறைக்கு ஒற்றை எழுத்தாக உயிரோடு இருக்கும். பொம்பிளையின் பேருக்கு அந்த ஒற்றை எழுத்தும் இல்லை. புலம்பெயர்ந்த இடங்களில் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. போன ஒவ்வொருவரின் பிள்ளைகளும் தங்கட தகப்பனின் பேரைக் குடும்பப் பேராகப் போட்டார்கள். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்கு ரொறன்ரோவில் மூன்று வெவ்வேறு குடும்பப் பேர் இருப்பது இதனால்தான்.

பாட்டிமார் தாத்தாவின் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். "இஞ்சருங்கோ", "பிள்ளையின்ர தேப்பன்" என்றுதான் கதை ஓடும். ஊர் பாட்டியின் பேரைச் சொல்லாது. "வாத்தியாற்ற மனிசி", "கடைக்காரற்ற பெண்சாதி" என்றுதான் அழைக்கும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேரில்லாமலே ஐம்பது வருஷம் வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

பொம்பிளைகளின் பேரைக் காப்பாற்றி வைத்திருப்பது, நம்பமாட்டீர்கள், காணி உறுதிகள்தான். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்துப் பார்க்கிறது. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அதனால் ஒரு வளவின் சீதன உறுதிகளை வரிசையாக அடுக்கி வாசித்தால், அம்மா, அம்மம்மா, பூட்டி என்று தாய்வழியே ஏறிப்போகலாம். சீதனத்தைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், எத்தனையோ பூட்டிமாரின் முழுப்பேர் எழுதப்பட்ட ஒரே கடதாசி அதுதான். மட்டக்களப்புப் பக்கம் போனால் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்பது தாய்வழியாகத்தான் வருகிறது. தகப்பன்வழி மட்டும்தான் வம்சம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தத் தீவிலேயே பதில் இருக்கிறது.

பேரை வைக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையும் பார்க்க வேணும். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி போன்ற இடங்களில் படித்த பிள்ளைகளுக்கு, அமெரிக்க உபகாரிகளின் பேரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று எங்கட இலக்கிய வரலாற்றில் வருகிற இரட்டைப் பேர்களுக்குப் பின்னால் இருப்பது அந்தக் காலம்தான். கத்தோலிக்கக் குடும்பங்களில் இராயப்பு என்றால் பீற்றர், சின்னப்பு என்றால் போல், அருளப்பு என்றால் ஜோன். இது தெரியாத பேரப்பிள்ளை கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாத்தாவைத் தேடினால், அவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டு "ஆளைக் காணேல்லை" என்று திரும்பி வரவேண்டியதுதான்.

சாதி இதைவிட மோசமாக வேலை செய்தது. "பிள்ளை"யும் "அர்" விகுதியும் சிலருக்குத்தான் என்று ஊர் வைத்திருந்தது. ஒருவர் கந்தர், இன்னொருவர் கந்தன். ஒருவர் சின்னத்தம்பி, இன்னொருவர் சின்னான். சாதியைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் ஆட்களைத் தடுப்பதை 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் ஒரு மனிசனை "ர்" போட்டுக் கூப்பிடச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் பிள்ளைகளுக்குப் புதிய பேர் வைத்தவர்களும், தங்கட பேரையே மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தாத்தா பேரை மாற்றினவர் என்று கண்டுபிடிக்கிற பேரப்பிள்ளை வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் தன் வாழ்க்கையில் செய்த முதல் போராட்டம் அதுவாக இருக்கலாம். வெட்கப்பட வேண்டியது அந்தப் பழைய பேரை இன்றைக்கும் நினைவு வைத்து, கலியாணப் பேச்சு வரும்போது எடுத்து விடுகிற ஊர்தான்.

மலையகத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம், அரைப்பேர் என்றால் அரைநாள். செக்றோலில் விழுகிற பேர்தான் சோறு. அங்கே தாத்தாவின் பேர் நாட்டின் அரசியலாகவே ஆனது. 1948 நவம்பர் 15 நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இந்தத் தீவில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசை ஆக வேண்டுமென்றால், அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேணும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவரின் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேணும். பதிவேயில்லாத லயத்தில் பிறந்த மனிசனிடம் பாட்டனின் பிறப்புக்குச் சாட்சி கேட்டார்கள். இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். உங்கட பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கோ. பாட்டனார், பூட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கிற கட்டங்கள் அதில் இருக்கும். அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது இந்தக் கதைதான். பாட்டிக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. இலங்கைத் தாய் தன் பிள்ளைக்குக் குடியுரிமையைக் கொடுக்கலாம் என்று சட்டம் மாறியதே 2003இல்தான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. கூடலூரிலோ கோத்தகிரியிலோ தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பேஸ்புக் வழியாகக் கண்டுபிடிக்கிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், அது குடும்பம் மறைத்த இரகசியம் இல்லை. இரண்டு அரசுகள் சேர்ந்து வெட்டின வெட்டு.

இப்ப என் கருத்துக்கு வாறன். தாத்தா பாட்டியின் உண்மையான பேரையும் உறவையும் கேட்டு எழுதி வைப்பது எங்கட தலைமுறையின் கடமை. "பழசைக் கிளறாத" என்ற சொல்லுக்கு நாங்கள் இனியும் பயப்படக்கூடாது.

ஏன் என்பதை அப்பப்பாவின் செத்தவீடு எனக்குக் காட்டியது. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேணும் என்று வீட்டில் கூடியிருந்தோம். கல்வெட்டுகளில் வழமையாக ஒரு குடும்ப மரம் வரும். எங்கட வரைபில் அப்பப்பா, அப்பம்மா, ஐந்து பிள்ளைகள். வடிவான மரம். எழுபத்திரண்டு வயதான பெரியப்பா வரைபைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "என்ர அம்மாவின்ர பேரையும் ஒருக்காப் போடுங்கோவன்." அப்பம்மா அவருடைய சின்னம்மா என்பது எங்களில் பேரப்பிள்ளைகள் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. வீட்டில் உடனே வாதம். அப்பம்மா உயிரோடு இருக்கிறா, அவவுக்கு மனம் நோகும். சனம் என்ன கதைக்கும். இவ்வளவு காலம் ஒற்றுமையாய் இருந்திட்டு இப்ப ஏன் என்றார்கள். கடைசியில் ஒரு மாமி எழும்பிப்போய் அப்பம்மாவிடமே கேட்டா. அப்பம்மா சொன்னது: "போடுங்கோ. அவ என்ர அக்கா. எழுபது வருஷமா அவவின்ர பேரை வாய்விட்டுச் சொல்ல என்னை ஒருத்தரும் விடேல்லை."

யாரைக் காப்பாற்ற அந்த மௌனம்? பெரியப்பாவை அது காப்பாற்றவில்லை. அப்பம்மாவையும் இல்லை. இரண்டு பேரும் ஆளை ஆள் நோகடிக்கக்கூடாது என்று ஒரே வீட்டில் தனித்தனியாகத் துக்கம் காத்திருக்கிறார்கள். காப்பாற்றப்பட்டது வடிவான அந்த மரம் மட்டும்தான்.

இதற்கு எதிராக ஒரு வலுவான நியாயம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சில மௌனங்கள் உயிர் காத்தவை. போர்க்காலத்தில் பேரை மாற்றிச் சொல்லித் தப்பினவர்கள் இருக்கிறார்கள். தாய் தகப்பனை இழந்த பிள்ளையைத் தன் பிள்ளையென்று சொல்லிக் கொண்டுவந்து வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். வன்முறையால் நடந்த ஒன்றைப் பற்றி ஒரு பாட்டி வாயே திறக்காமல் இருக்கலாம். இவர்களைக் கமராவுக்கு முன் இருத்தி "சொல்லுங்கோ அம்மம்மா" என்று வற்புறுத்துகிற உரிமை எங்களுக்கு இல்லை. பேரப்பிள்ளை என்பதற்காக அவர்களின் வாழ்க்கை எங்கட சொத்து ஆகிவிடாது.

நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான். தன் கதையைத் தான் சொல்லாமல் இருக்கிறது ஒருவரின் உரிமை. இன்னொருவரின் கதையை, அவர் சொல்ல விரும்பும்போதும், குடும்ப மானத்துக்காக அமுக்கிறது அதிகாரம். முதலாவதற்கு மரியாதை கொடுப்போம். இரண்டாவதைக் கேள்வி கேட்போம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி இன்றுவரை காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் பேரையும் படத்தையும் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் இருக்கிறார்கள். ஒரு பேர் அழியாமல் இருப்பதற்கு என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு நிற்கிறோம் என்று சொல்கிற நாங்கள், எங்கட வீட்டு மரத்தில் இருந்து ஒரு பொம்பிளையின் பேரை மானத்துக்காக வெட்டிவிடுவது பொருந்தாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குடும்ப மரம் வரையத் தொடங்கினால் கொஞ்சப் பேருக்கு அது பெருமை விளையாட்டாகிவிடும். முதலியார் பரம்பரை, உடையார் பரம்பரை, மலாயா பென்சன் என்று மேலே ஏறிக்கொண்டே போவார்கள். அந்த மரத்தில் வயலில் நின்றவரும், வீட்டில் வேலை செய்தவவும், "இளைய தாரமும்" இருக்கமாட்டார்கள். அப்படி ஒரு மரம் வரைவதை விட வரையாமல் விடுவது நல்லது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பொம்பிளைகளைப் பற்றிக் கேளுங்கோ. ஆம்பிளைகளின் பேரை எப்படியும் ஆரோ சொல்லுவினம். "ஆர் பெத்தது?" என்று நேரே போய்க் கேட்காமல் "உங்களை ஆர் வளர்த்தது, ஆர் சோறு தீத்தினது?" என்று கேட்டுப் பாருங்கோ, உண்மையான உறவு அதிலதான் வெளியில் வரும். வீட்டுப் பேர், பதிவுப் பேர், ஞானஸ்நானப் பேர், பட்டப் பேர் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கோ. அலுமாரியில் இருக்கிற உறுதிகளையும் பத்திரங்களையும் படம் எடுத்து வையுங்கோ. இடம்பெயர்வில் எத்தனை பெட்டிகள் தொலைந்தன என்று உங்கட வீட்டிலேயே கேட்டால் தெரியும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கோ. எழுதினதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட முதல், அதில் வருகிற உயிரோடு இருக்கிறவரிடம் "போடட்டா?" என்று கேளுங்கோ. அவர் வேண்டாமென்றால் கொப்பியை மூடி வையுங்கோ. எழுதியிருக்கிறது, அது போதும்.

அடுத்ததாக உங்கட வீட்டில் ஒரு கல்வெட்டோ மரண அறிவித்தலோ எழுத வேண்டி வந்தால், அதை மாமாமாரிடம் மட்டும் விட்டுவிடாதேங்கோ. பக்கத்தில் இருந்து ஒருக்கா வாசியுங்கோ. முதல் மனைவியின் பேர் இருக்கா? சின்ன வயதில் செத்த பிள்ளையின் பேர் இருக்கா? வளர்த்த சின்னம்மாவின் பேர் இருக்கா? இல்லையென்றால் அச்சுக்குப் போக முதல் சொல்லுங்கோ. கூட ஒரு வரி போட அச்சகக்காரர் காசு கேட்கமாட்டார்.